சாமித்தம்பியின் எதிரி

“இவனுக்கு வாய்ச்ச எதிரி நல்ல எதிரி,” என்றார் ஜெயிலர் வினாயகமூர்த்தி, மொட்டைப் பெட்டிசத்தை மேசையில் விரித்தபடி. “நாலு பந்தி. நாலுக்கும் இலக்கம் போட்டிரிக்கான். ஒரு எழுத்துப்பிழை இல்ல.”

சிறைக்காவலர் ஹமீட் எட்டிப் பார்த்தார். கீழே பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. உறையில் களுவாஞ்சிக்குடித் தபால் முத்திரை மட்டும் இருந்தது.

ஜெயிலர் ருசித்து வாசித்தார்.

“ஒன்று: தங்கள் சிறையிலுள்ள சாமித்தம்பி என்னும் கைதி தினமும் போதைத்தூள் பாவிக்கிறான். இரண்டு: தூளைச் சாரத்தின் கரைமடிப்புக்குள் வைத்துத் தைத்திருக்கிறான். மூன்று: அவனைப் பதினான்கு நாட்கள் தனிக்கூட்டில் அடைத்து, பார்வையாளரையும் வெளிச்சாப்பாட்டையும் நிறுத்த வேண்டும். நான்கு: அவன் சத்தியெடுப்பான், கத்துவான், காலைப் பிடிப்பான். மனமிரங்கிக் கதவைத் திறக்க வேண்டாம். நடவடிக்கை இல்லையேல் இதன் பிரதி கொழும்புக்குப் போகும்.”

அது சண்டைக்காலம். பெயர் போட்டு எழுதிய மனு கந்தோரில் மாதக்கணக்கில் தூங்கும். பெயரில்லாத பெட்டிசத்துக்கு அன்றைக்கே ஜீப் புறப்படும். அந்தச் சிறையில் இருந்தவர்களில் பாதிப்பேர் அப்படி வந்து சேர்ந்தவர்கள்தான்.

பொதுக்கூடத்தில் தூள் புழங்குவது வினாயகமூர்த்திக்குத் தெரியாததல்ல. பாணுக்குள் வந்தது, சவர்க்காரத்துக்குள் வந்தது. யார் உள்ளே விடுகிறார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் தன் ஆட்களின் பெயர்தான் வரும். ஆனால் கொழும்பு என்ற சொல் அவருக்குச் சுட்டது.

சாமித்தம்பியைக் கொண்டுவந்து சாரத்தின் கரையைப் பிரித்தார்கள். பெட்டிசம் சொன்ன இடத்திலேயே பொட்டலம் இருந்தது.

“லொறி ஓடக் கொழும்புக்குப் போனவன், தூள் இழுக்கப் பழகிக்கொண்டு வந்திரிக்கான்,” என்றார் ஜெயிலர், பொட்டலத்தைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கி. “ஊரெல்லாம் ஷெல்லடியில சாகிது. துரைக்கு இஞ்ச மயக்கம் கேக்குது.”

சாமித்தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“இதை விடுறதுக்கு வைத்தியம் வேணுமெண்டு போன மாசம் மனுக் குடுத்தாயே, என்ன தந்தம்?”

“தலையிடிக் குளிசை ரெண்டு, ஐயா.”

“அது காணாதெண்டு இப்ப ஆரோ பெரிய வைத்தியம் எழுதி அனுப்பியிரிக்கான். போய் அனுபவி.”

மூன்றாம் நாள் அவன் மனைவி கண்ணகை சோற்றுப் பார்சலோடு வாசலில் நின்றாள். பழுகாமத்திலிருந்து தோணியில் துறை கடந்து, களுவாஞ்சிக்குடியில் பஸ் பிடித்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வந்திருந்தாள்.

“தூள்காரனுக்குச் சோறென்னத்துக்குகா?” என்றார் ஜெயிலர். “உன்ட புருசன் உள்ளுக்க சத்தியெடுத்து அதுக்குள்ளயே புரளுறான். பதினாலு நாளைக்கு ஆரும் பாக்க ஏலா.”

“இண்டைக்கு மூணாம் நாளா, ஐயா?”

“ஓம்.”

அவள் விரல்விட்டு எண்ணினாள். “அப்ப இன்னும் பதினொண்டு கிடக்கு,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

“பாத்தாயா ஹமீட், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல,” என்றார் ஜெயிலர். “அவனுக்கேத்த பொஞ்சாதி.”

நாலாம் நாள் தனிக்கூட்டிலிருந்து வந்த சத்தம் கந்தோர்வரை கேட்டது. வினாயகமூர்த்தி தேத்தண்ணிக் கோப்பையோடு போய்க் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தார். சாமித்தம்பி தரையில் சுருண்டு கிடந்தான். மூக்கும் கண்ணும் ஒழுகின.

“ஐயா, கதவைத் திறங்க. கால் நரம்பெல்லாம் இழுக்குது. ஒருக்கா, ஒரேயொருக்கா இழுத்தாப் போதும், ஐயா. உங்கட காலைப் பிடிக்கிறன்.”

“நாலாம் பந்தியில உள்ளது அப்படியே நடக்குது,” என்றார் ஜெயிலர் வியந்து.

“கதவைத் திறந்து கொஞ்சம் முகம் கழுவிவிடட்டா?” என்று ஹமீட் கேட்டார்.

“கம்பிக்குள்ளால தண்ணி குடு. கதவைத் தொடாத. எழுதினவன் இவனை உள்ளும் புறமும் தெரிஞ்ச ஆள். சும்மா எழுதியிருக்க மாட்டான்.”

பதினைந்தாம் நாள் காலையில் பூட்டைத் திறந்தார்கள். சாமித்தம்பி பாதியாக இளைத்திருந்தான். நாற்றத்தில் ஹமீட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவர் நீட்டிய தேத்தண்ணியை அவன் ஒரு துளி சிந்தாமல் வாங்கிக் குடித்தான்.

“என்னடா, எதிரியில கோவமா?” என்றார் ஜெயிலர். “ஆரெண்டு தெரிஞ்சாச் சொல்லு. அவனுக்கு நான் ஒரு நன்றிக் கடுதாசி போடவேணும்.”

அவன் கோப்பையை ஹமீட்டிடம் திருப்பிக் கொடுத்தான். “ஐயா, இன்னும் கொஞ்ச நாளைக்கு இதுக்குள்ளயே இருக்கட்டா?” என்று கேட்டான்.

“ஏன், துரைக்கு இந்த அறை பிடிச்சுப் போச்சா? பெட்டிசத்தில பதினாலு நாளெண்டுதான் கிடக்கு. அதுக்கு மேல ஒரு நாளும் இல்ல. நட, பொதுக்கூடத்துக்கு.”

முற்றத்துக்கு அப்பால் பொதுக்கூடத்தின் கம்பிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவனைக் கூப்பிட்டது. விரலிடுக்கில் ஒரு பொட்டலம் வெள்ளையாகத் தெரிந்தது. ஜெயிலரும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மதிலுக்கு அப்பால் கிடந்த வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாமித்தம்பி நடையை நிறுத்தினான்.

“அப்ப நான் இன்னொரு பெட்டிசம் எழுத வேணும், ஐயா.”