நாற்பதாம் பக்கத்து மணப்பெண்

இசைவாணியின் கையிலிருந்த ஜப்பானியக் காதல் காமிக்ஸை அவள் அப்பா சின்னராசு பிடுங்கினார். நாற்பதாம் பக்கத்தில் ஓர் இளைஞன் மணப்பெண் உடையில் இன்னொருவனுக்கு எதிரே தலைகுனிந்து நின்றான். தீர்ப்புச் சொல்ல அவருக்கு அந்த ஒரு படமே போதும்.

"இன்னாது இது? ஆம்பளயா, பொம்பளயா?"

"அவன் இன்னும் வாயத் தொறந்து சொல்லலப்பா. படிக்கிறவங்கதான் ஆளுக்கொண்ணு சொல்லி நெட்டுல அடிச்சிக்கினு இருக்காங்க."

"அடிச்சிக்க இன்னா இருக்குது? இன்னொரு ஆம்பளைக்குக் கழுத்த நீட்டறான், மானங்கெட்ட பய!"

"அவன் மனசுல இன்னா இருக்குதுன்னு தெரியாம..."

"மனசு இன்னா மனசு? ஆம்பளைக்கு வாழ்க்கப்பட்டா பொம்பளதான். அதுக்கு மேல பேச்சே கெடையாது."

புத்தகம் பீரோவுக்கு மேலே பறந்தது. சின்னராசு மீசையைத் தடவிக்கொண்டார்.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கூவாகம் பஸ்ஸுக்கு நேரமாவுது. மஞ்சக் கயிறும் கண்ணாடி வளையலும் பையில வச்சிட்டேன்."

போன வருஷம் பாம்பு கடித்துப் பிழைத்தபோது அவர் வேண்டிக்கொண்டது. இன்று கூத்தாண்டவர் கோயிலில், அரவானுக்குப் பெண்டாட்டியாக, பூசாரி கையால் சின்னராசு தாலி கட்டிக்கொள்ள வேண்டும்.

பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியவரை இசைவாணி நிறுத்தினாள்.

"தாலி ஏறினதும் ஒரு போன் போடுங்கப்பா. உங்கள அப்பான்னு கூப்புடறதா, அம்மான்னு கூப்புடறதான்னு நீங்களே வாயத் தொறந்து சொல்லிடுங்க. இல்லன்னா ஊர்ல ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க."