மில்டன் நின்ற வரிசை

கொட்டுகிற பனியில் காரை உருட்டிக்கொண்டு லோரேன் அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டமன்றத்துக்கு வந்து சேர்வதற்குள், மருந்து விலைச் சட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் பாதி முடிந்துவிட்டது.

மைக்குக்கு முன்னால் ஒரு வரிசை. எல்லாம் கோட்டும் டையும். யாரிடம் போய் என்ன கேட்பது?

நல்லவேளை, ஒரு தெரிந்த முகம். அவள் ஊர் மருந்துக்கடைக்காரர் மில்டன்.

அப்பாடா என்று போய் அவருக்குப் பின்னால் நின்றாள். "மில்டன், நீங்களும் வந்துட்டீங்களா! நம்ம ஊர் மானத்தைக் காப்பாத்திட்டீங்க போங்க."

"நீ முன்னாடி போம்மா" என்று அவர் விலகி வழிவிட்டார். தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

மைக் முன்னால் பெயரும் ஊரும் சொன்னாள்.

"என் பையன் டெவினுக்கு வலிப்பு. மருந்துக்குத் தட்டுப்பாடுன்னாங்க, சரி. தட்டுப்பாடுன்ன உடனே விலையையும் நாலு மடங்கு ஏத்திட்டாங்களே, அது எந்த ஊர் நியாயம்? அலைஞ்சு திரிஞ்சு ஒரு டப்பா கிடைச்சாலும் வாங்க முடியலை. தட்டுப்பாடு தீர்ற வரைக்கும் விலையை ஏத்தக்கூடாதுன்னு இந்தச் சட்டத்தைப் போட்டுடுங்க. வேற ஒண்ணும் கேக்கலை."

குழுத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, சட்டத்தை ஆதரிக்கிறவங்க பேசி முடிச்சாச்சு. இது எதிர்க்கிறவங்க வரிசை."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

லோரேனுக்குக் காதெல்லாம் சுட்டது. அட கடவுளே, போயும் போயும் இவர்கள் நடுவிலா வந்து நின்றோம்! மகனுக்காகப் பேசியது எதிரிக் கணக்கில் சேர்ந்துவிட்டதோ என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் மில்டன்?

திரும்பிப் பார்த்தாள். அவர் கோட்டில் மருந்து வியாபாரிகள் சங்கத்தின் சின்னம் குத்தியிருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்தவர்" என்றார் தலைவி.

மில்டன் மைக்கைப் பிடித்தார். பின்னாலிருந்த சங்கத்து ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் லோரேனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பேரு மில்டன் ஹாஸ்கெல். இந்தப் பொண்ணோட பையனுக்கு மருந்து கொடுக்கிறது என் கடைதான். மொத்த வியாபாரி ஏத்துறான், நானும் ஏத்துறேன். தலைவரம்மா, நானும் தப்பான வரிசையிலதான் நின்னுட்டேன். என் பேரை அந்தப் பக்கம் எழுதிக்கோங்க."