வழி விடாதவர்

“காரை எதுக்கு என் மேல கொண்டுவந்து ஒடிக்கிறீங்க? கால் போயிருந்தா யாரு பதில் சொல்றது?”

ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவள் கத்தினாள். அவளுடைய பைக், ஒரு வெள்ளைக் காருக்கும் சிமெண்ட் லாரிக்கும் நடுவே ஆப்பு அடித்ததுபோல் சிக்கி நின்றது. முழங்கால் பக்கம் பேண்ட் கிழிந்து ரத்தம் கசிந்தது.

கார்க்காரர் சாவகாசமாகக் கண்ணாடியை இறக்கினார்.

“இடுக்குல எல்லாம் பூந்து வந்தா இப்படித்தான். பின்னால வரிசையில நில்லு!”

“எல்லா வண்டியும் ஊர்ந்துகிட்டு இருக்கு. நான் மெதுவாத்தானே வந்தேன்? வேணும்னேதானே ஒடிச்சீங்க?”

“உனக்கு எப்பவும் எல்லாரையும் முந்திக்கிட்டுப் போகணும்!”

“நான் முன்னால போனா உங்களுக்கு வயித்தெரிச்சல்!”

பாலத்தில் ரிப்பேர் வேலை நடந்தது. மூன்று வரிசையில் வந்த வண்டிகள் இரண்டு வரிசையாகச் சுருங்க வேண்டிய இடம். காலையிலிருந்து அந்த வெயிலில் விசில் ஊதி ஊதித் தொண்டை வறண்டுபோன டிராஃபிக் போலீஸ்காரர், இந்தக் கூத்து வேறயா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

“ஏம்மா, நடுவுல பூந்து வந்துட்டு, கார்க்காரரோட சண்டை வேற போடுறீங்களா?”

“அப்படிக் கேளுங்க சார்!” கார்க்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “வண்டியைப் பிடுங்கி ஓரமா நிறுத்துங்க. ஒரு மணி நேரம் உட்கார வெச்சாத்தான் இவளுக்குப் புத்தி வரும்.”

அவள் போலீஸ்காரர் பக்கம் திரும்பினாள். “சார், தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க. பதினொரு மணிக்கு நான் கோர்ட்டுல இருக்கணும். ஏற்கெனவே ரெண்டு தடவை போகல. இன்னைக்கும் வரலைன்னா கேஸைத் தள்ளுபடி பண்ணிடுவேன்னு நீதிபதி சொல்லிட்டாங்க.”

“ரெண்டு தடவை ஏன் போகல?”

“ஒரு தடவை பைக் சாவியைக் காணோம். அடுத்த தடவை ரெண்டு டயர்லயும் காத்து இல்ல.”

“சாக்கைப் பாருங்க சார்!” என்று கார்க்காரர் சிரித்தார்.

“என்ன கேஸ்மா?”

“என் வீட்டுல ஒருத்தர் இருக்கார். காலி பண்ணிட்டுப் போகச் சொன்னா போக மாட்டேங்கிறார்.”

“வாடகையாவது ஒழுங்காத் தர்றாரா?”

“ஒரு பைசா கிடையாது. கேட்டா அடிக்க வர்றார்.”

போலீஸ்காரருக்குச் சுருக்கென்றது. அவர் வீட்டு மாடியிலும் அப்படி ஒரு புண்ணியவான் வந்து உட்கார்ந்துகொண்டு, கிளப்புவதற்குள் அவர் உயிரை வாங்கியிருந்தான்.

அதற்குள் லாரி டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். “சார், சர்க்கிள்லேர்ந்து நானும் பாத்துக்கிட்டே வர்றேன். எத்தனையோ பைக் இதே இடுக்குல போச்சு. ஒருத்தரைக்கூட இவர் தடுக்கல. இந்தம்மா இடது பக்கம் வந்தா இடது பக்கம் ஒடிக்கிறார், வலது பக்கம் வந்தா வலது பக்கம் ஒடிக்கிறார். முன்னப்பின்ன தெரியாத பொம்பளைய நீ, வா, போன்னு வேற பேசுறார்!”

“நீ உன் வேலையைப் பாருய்யா!” கார்க்காரர் எகிறினார். “சட்டம் தெரியுமா உனக்கு? இடுக்குல பைக் ஓட்டுறது தப்பு!”

“சட்டத்தை நான் சொல்றேன்,” என்றார் போலீஸ்காரர். “வண்டிங்க இப்படி ஊர்ந்துகிட்டு இருக்கும்போது, பைக் மெதுவா நடுவுல போகலாம். எனக்கே அது பிடிக்காது. ஆனா போகலாம். அதை மறிச்சு ஆளை நசுக்கப் பாக்குறதுதான் தப்பு. காரை ஓரம்கட்டிட்டுச் சாவியைக் குடுங்க.”

“ஃபைனைச் சொல்லுங்க, கட்டிட்டுப் போறேன்.”

“ஃபைனோட விடுற தப்பா இது? முட்டியில ரத்தம் வருது பாருங்க. இன்ஸ்பெக்டர் வரட்டும்.”

கார்க்காரர் வாய்க்குள் எதையோ திட்டிக்கொண்டே காரை ஓரம்கட்டினார். சாவி போலீஸ்காரரின் சட்டைப் பைக்குள் போனது.

லாரி டிரைவர் வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்தார். “நீங்க கிளம்புங்கம்மா, நேரமாச்சு.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பைக்கை ஸ்டார்ட் செய்தாள்.

அதைப் பார்த்ததும் கார்க்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. “சார், அவளை விடாதீங்க! இல்லைன்னா என்னையும் விடுங்க. நானும் பதினொரு மணிக்குக் கோர்ட்டுல இருக்கணும்!”

“அடேயப்பா! உங்களுக்கும் கேஸா? என்ன கேஸ்?”

“அவ போட்ட கேஸ்தான் சார். அவ என் பொண்டாட்டி. இது எங்க குடும்ப விஷயம், முதல்ல சாவியைக் குடுங்க!”

போலீஸ்காரர் அவள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, இவர் உங்க புருஷன்னு முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா, ‘எதுவா இருந்தாலும் வீட்டுல போய்ப் பேசிக்குங்க’ன்னுட்டு நீங்க விசில் ஊதப் போயிருப்பீங்க சார்!”