தீயில் காட்டிய டேப்

எதிர்க்கடையில் லைட்டர் 'டிக்' என்றது. இங்கே பூபதிராஜாவுக்கு வயிறு எரிந்தது.

கோவிந்தாபுரம் ரோட்டில் பத்து வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறவர். ஆறு மாசம் முன்பு எதிரே கடை போட்ட அருள்குமார், வருகிறவர்களிடமெல்லாம் காயில் மேல் சுற்றுகிற வெள்ளை டேப்பைத் தீயில் காட்டுவான். டேப் கறுக்கும்; பற்றாது. ஜனம் வாயைப் பிளக்கும். மோட்டாரை இறக்கிவிட்டுப் போகும்.

பூபதிராஜா மூக்கைப் பிடித்துக்கொண்டு அவன் குரலிலேயே பேசினார். "'கண்ணாடி நூல் டேப்புங்க. எத்தனை சூடானாலும் தாங்குமுங்க.' மூஞ்சியப் பாரு. வெள்ளை டேப்புன்னா எல்லாம் ஒண்ணுதான் மாமா. கோயமுத்தூர்ல கிடைக்கறதுல சல்லிசா இருக்கறதத்தான் நானும் கட்டறேன். இவன் காட்டறது ஒண்ணு, கட்டறது ஒண்ணு."

கேட்டுக்கொண்டிருந்த சென்னியப்பன் நெளிந்தார். பழைய வாடிக்கை. போன வாரம்தான் தன் பம்ப்செட்டை எதிர்க்கடையில் கொடுத்திருந்தார். அவர் போனால் அவர் ஊரில் பாதிப் பேர் பின்னாலேயே போய்விடுவார்கள்.

"வாங்க மாமா, உங்க கண்ணு முன்னால காட்டறேன்." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்.

கடையில் அருள்குமார் மட்டும்தான் இருந்தான். மேஜையில் ஒரு மோட்டார் பிரித்துப் போட்டபடி கிடந்தது. அதில் கருகாமல் மிஞ்சிய டேப்பில் விரல் நீளத் துண்டை அறுத்து, லைட்டரைத் தட்டினார் பூபதிராஜா.

குப்பென்று பிடித்துக்கொண்டது. விரலைக்கூடச் சுட்டது. சந்தோஷத்தில் வலி தெரியவில்லை.

"பாத்தீங்களா? இதைக் கட்டுனவன் கையில மோட்டாரைக் குடுத்தா தண்ணி வராது, பொகைதான் வரும்."

"அது எரிஞ்சு போயி வந்த மோட்டாருங்ணா," என்றான் அருள்குமார் மெதுவாக. "நான் கட்டுனது இல்லீங்க."

"அப்ப யாரு கட்டுனா?"

"தெரியலீங்ணா. கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒருத்தர் கொண்டாந்தாரு. விடுங்ணா."

"தெரியாதாமா. இந்தப் பக்கம் காயில் கட்டறவன் எவனும் மோட்டார்ல ஒயர் மாட்டற பொட்டி மூடிக்குள்ள பேரெழுதாம விடமாட்டான். எங்க மூடி?"

அருள்குமாரின் கை, மேஜையில் கவிழ்ந்து கிடந்த மூடியின் மேல் போயிற்று. "வேண்டாங்ணா."

"பயமா இருக்குதாக்கும்." பிடுங்கித் திருப்பினார் பூபதிராஜா.

சிவப்புப் பெயிண்டில், நேற்று எழுதியது போலப் பளிச்சென்று இருந்தது: பூ.ரா.

"ஏனுங்க மாப்ள, யாரு பேரு? எனக்கு எழுத்து மங்கலாத் தெரியுது," என்று எட்டிப் பார்த்தார் சென்னியப்பன்.

பூபதிராஜா கட்டைவிரலால் எழுத்தை மூடிக்கொண்டார்.

அருள்குமார் மூடியை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி, பழையபடி கவிழ்த்து வைத்தான்.

"பெயிண்ட் அழிஞ்சு போச்சுங்க மாமா," என்றான் சென்னியப்பனிடம்.