ஒட்டாத ஈயம்

"கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த மேக்கப் பெட்டியாடா இது?"

ரோசம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு, கோழிக்கறிப் பாத்திரமும் தானுமாகப் பேருந்து பிடித்து, சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்தவளை வரவேற்றது அந்த நீலப் பெட்டிதான். அதன் மூடியில் சதுரமாக ஓர் ஓட்டை.

"அதேதான்கா. உள்ளே வாங்க," என்றான் சிலுவைராஜ், வெட்கமே இல்லாமல். "இந்த ஓட்டையில சின்ன டிவி. அடியில டிவி கேம். பின்னால பேட்டரி. முடிஞ்சிருச்சுன்னா பஸ்ஸுல உட்கார்ந்துக்கிட்டே விளையாடலாம் லா!"

"யாரு? நாற்பதை எட்டிப் பிடிக்கிற நீயா?"

மேசை முழுவதும் குப்பை. மேலோடு கழற்றிய விளையாட்டு இயந்திரம் ஒன்று, குடல் தெரியக் கிடந்த கறுப்பு வெள்ளை டிவி ஒன்று, வண்ண வண்ணக் கம்பிகள். எல்லாம் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் பொறுக்கி வந்தவை.

ரோசம்மாவின் கண்கள் தம்பி மனைவியைத் தேடின.

அருள்ஜோதி சன்னலோரம் அமர்ந்திருந்தாள். மணமாகும் முன்பிருந்தே மின்னணுத் தொழிற்சாலையில் ஈயம் ஒட்டும் வேலை பார்த்தவள். எண்பத்தைந்தாம் ஆண்டின் ஆட்குறைப்பு அவளையும் விடவில்லை. வேலை போன நாள் முதல் சோறு இறங்கவில்லை, பூசைக்கும் வருவதில்லை. "இந்தக் கையால இனி யாருக்கு என்ன பிரயோசனம், அண்ணி?" என்று கேட்டதோடு பேச்சும் நின்றுபோனது. முட்டிவலியால் இரண்டு மாதம் வீட்டோடு கிடந்த ரோசம்மாவின் மனத்தை அந்தக் கேள்விதான் அரித்துக்கொண்டிருந்தது. கோழிக்கறி வந்ததும் அவளுக்காகத்தான்.

வீட்டில் ஒருத்தி இப்படி வாடிக் கிடக்க, இவனுக்கு விளையாட்டுப் பெட்டி கேட்கிறது!

சிலுவைராஜ் ஈயம் ஒட்டும் கோலை எடுத்தான். புகை கிளம்பியது. கம்பியை வைத்தான், விழுந்தது. மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது.

"கம்பியைச் சூடு பண்ணுங்க," என்றாள் அருள்ஜோதி, இருந்த இடத்திலிருந்தே.

"பண்ணிட்டேன் லா."

"எங்க பண்ணினீங்க? ஈயத்தை உருக்கிச் சொட்டுச் சொட்டா ஊத்துறீங்க. அது எப்படிப் பிடிக்கும்?"

"பிடிச்சிருச்சு, பாரு."

எழுந்து வந்து பார்த்தாள். விரல் நுனியால் தொட்டாள். கம்பி கையோடு வந்தது.

"இதா பிடிச்சது? ஒட்டின இடம் பளபளன்னு இருக்கணும். இது சாம்பல் பூத்துக் கிடக்கு. எங்க லைன்ல நீங்க இருந்திருந்தா, சூப்பர்வைசர் சாப்பாட்டு மணிக்கு முன்னாடியே உங்களை விரட்டியிருப்பாரு."

"அதனாலதான் கப்பல் கம்பெனியில கிளார்க்கா இருக்கேன்."

"அங்கேயாவது ஒழுங்கா ஒட்டுறீங்களா, ஸ்டாம்பை? எழுந்திரிங்க!"

கோல் அவள் கைக்கு மாறியது. முடியை இழுத்து முடிந்துகொண்டு உட்கார்ந்தவள், அதன் பிறகு தலை நிமிரவே இல்லை. சிலுவைராஜ் சோற்றையும் கறியையும் பிசைந்து அவள் வாயில் ஊட்டினான். அவளும் கண்ணைக் கம்பியிலிருந்து எடுக்காமலே வாயைத் திறந்தாள்.

ரோசம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தின்னக்கூட நேரம் கொடுக்காமல் வேலை வாங்குகிறானே, தன் கூடப் பிறந்தவனா இவன்!

அருள்ஜோதியின் எதிரில் வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வழியனுப்ப வந்தவனை மின்தூக்கியின் அருகே பிடித்துக்கொண்டாள்.

"டேய், உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? எந்த வேலை போச்சுன்னு அவ உருகிப் போனாளோ, அதே வேலையைக் கொண்டுவந்து அவ முன்னாடி போட்டிருக்கியே! வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சுறதுக்கு உனக்கு ஒரு பொம்மைப் பெட்டி!"

அவன் மின்தூக்கியின் பொத்தானை அழுத்தினான்.

"அவ்வளவு ஆசையா இருந்தா நீயே ஒட்டக் கத்துக்கோ. அவளை ஏன்டா படுத்துற?"

தாழ்வாரத்தின் கோடியிலிருந்து அருள்ஜோதியின் குரல் கணீரென்று வந்தது.

"இந்தச் சிவப்புக் கம்பியை யாரு இங்க ஒட்டினது? வாங்க, இருக்கு உங்களுக்கு! அண்ணி, அந்த ஆளைச் சீக்கிரம் அனுப்பி வைங்க!"

பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சிலுவைராஜ் அவரைப் பார்த்துச் சிரித்தான். ஏதோ பரிசு வாங்கியவனைப் போல இருந்தது அந்தச் சிரிப்பு.

"கேட்டீங்களாக்கா? ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இந்த வீட்டுல இந்தச் சத்தமே இல்லை."

மின்தூக்கி வந்து திறந்தது. ரோசம்மா ஏறவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்தாள்.

"ஏன்டா, அப்போ நீ..."

"உங்க வீட்டு ரேடியோ எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன? நல்லாத்தான் பாடுது."

சிலுவைராஜ் ஒரு முறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒட்டுறதுக்கு நான் கத்துக்கிட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுக்கா. வேணும்னே கெடுத்துக் கெடுத்து வச்சும், இந்தப் பெட்டி இந்த வாரம் முடிஞ்சிடும் போல இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை வரும்போது, உங்க ரேடியோவுல ரெண்டு கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கொண்டு வாங்க."