பதினோராம் பக்கம்

"நீர் கெட்டிக்காரிதான் சுபோதினி. ஆனா சேர்ட்டிபிகேட் இல்லாமல் உம்மை சுப்பர்வைசர் ஆக்கேலாது," என்றார் மனேஜர் வரதராசா.

"புது பில் சொப்ட்வெயாரை ஒருத்தரும் பழக்கேல்லை, சேர். மூண்டு மாதமா நானே தட்டித் தட்டிப் பழகினனான். இப்ப முழு ஒபிசுக்கும் நான்தானே காட்டிக் குடுக்கிறன்."

"அது சரி. வெள்ளவத்தையில அந்த சொப்ட்வெயாருக்குச் சனிக்கிழமை வகுப்பு நடக்குது. போய்ப் பாஸ் பண்ணிக்கொண்டு வாரும்."

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறிப் போனேன். முதல் நாள் கையில் தந்த பாடப்புத்தகத்தைக் கண்டதுமே மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். பதவிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு சனிக்கிழமை இருந்தேன்.

ஐந்தாவது சனிக்கிழமை பரீட்சை. பிழையான பில்லைத் திருத்தும் கேள்விக்குப் பூச்சியம் போட்டு, என்னை பெயில் ஆக்கிவிட்டார்கள்.

"பழைய பில்லை ரத்துச் செய்யாமல் புதுசு போட்டால் ஸ்டொக் ரெண்டு தரம் குறையும், தம்பி. நான் செய்ததுதான் சரி."

படிப்பிக்கும் பொடியன் சிரித்தான். "பதினோராம் பக்கத்தைப் பாருங்கோ அக்கா. ரத்துச் செய்யச் சொல்லேல்லையே. எழுதின ஆளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?"

"எழுதின ஆளுக்கு அப்ப தெரியாது, தம்பி."

அந்தப் புத்தகம் முழுக்க, பழகத் தொடங்கிய முதல் மாதம் நான் எழுதிய குறிப்புகள். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று மனேஜர் கேட்டு வாங்கியிருந்தார். உள்ளே என் பிழையைக்கூடத் திருத்தாமல், அட்டையில் மட்டும் தன் பெயரைப் போட்டிருந்தார்.