ஞாயிற்றுக்கிழமை மிஷின்

பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் ஓடினால்தான் தேவசகாயத்துக்குப் பேனா ஓடும். தாலுகா ஆபீஸ் கிளார்க்கு, பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவர். சுவருக்கு அந்தப் பக்கம் அருள்ராணி கடகடவென்று மிதிக்க ஆரம்பித்தால் மனசு அடங்கிவிடும், எழுத்து தானாக வரும். மிஷின் நின்றதோ, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பொங்கல் மலருக்கான கதையைத் திங்கட்கிழமை காலையில் தபாலில் சேர்த்தார். சாயங்காலம் திண்டிவனம் பங்குச் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார்.

"கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு இருநூறு யூனிபாரம் தைக்கணும். விழுப்புரத்துலேருந்து துணி வந்தாச்சு. அருள்ராணி கேக்குது. புருசன் போன பொண்ணு, ரெண்டு புள்ளைங்க, குடுத்துடலாம்னு பார்த்தேன். ஆனா ஞாயித்துக்கிழமையும் மிஷின் ஓட்டுதுன்னு தெருவுல பேச்சு. நீர் பக்கத்து வீடு. நிசமா?"

தேவசகாயம் கோயில் சபைக்குச் செயலாளர் வேறு. பக்தியில் ஒரு படி இறங்கிவிட முடியுமா?

"நிசந்தான் சாமி. நாலு வாரமா ஓடுது. பூசை முடிஞ்சு வந்த சூட்டோட உக்காந்தா, பொழுது சாயற வரைக்கும் கடகடதான். வீட்ல மனுசன் இருக்க முடியல. ஒரே பேஜாரு."

அந்தப் பேஜாரில்தான் கதை முழுக்க எழுதினார் என்பதைச் சொல்லவில்லை. அதை யார் கேட்டார்கள்?

"ஓய்வு நாள் கட்டளையை மீறுறவளுக்கு மடத்து வேலையை எப்படிக் குடுக்கிறது?" என்று சாமியார் அவளைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

அருள்ராணி முக்காட்டோடு ஓடி வந்தாள். தேவசகாயத்தைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. தனக்காகச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

"தோத்திரம் சாமி."

"ஞாயித்துக்கிழமை மிஷின் ஓட்டுனியா?"

"ஓட்டுனேன் சாமி."

"ஓய்வு நாள்ல வேலை செய்யறது பாவம்னு தெரியாது?"

"தெரியும் சாமி. அதான் துணி வெக்கல. ஊசியில நூலும் கோக்கல. வெறும் மிஷினைத்தான் மிதிச்சேன்."

"வெறும் மிஷினையா! எதுக்கு?"

அருள்ராணிக்குக் கூச்சமாகிவிட்டது.

"சத்தம் இல்லாம எழுத வரலேன்னு இந்த அண்ணன் அவங்க வீட்டு அக்காகிட்ட புலம்பிக்கினு இருந்தாரு, சுவத்துக்கு இந்தாண்ட கேட்டுச்சு. பொங்கலுக்குள்ள கதை முடிக்கணுமாம். அவருக்கும் நாள் பூரா லீவு ஞாயித்துக்கிழமை ஒண்ணுதானே சாமி? அப்படிச் சும்மா மிதிச்சாலும் பாவமா?"

தேவசகாயத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"யூனிபாரம் உனக்குத்தாம்மா" என்றார் சாமியார். "பாவமா இல்லையான்னு மட்டும், இதோ, உங்க அண்ணனையே கேளு."